'ரீரைட்' பாட்டை கிட்டாரில் எடுப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜப்பானிய ராக் இசைக்குழுவான ஏசியன் குங்-ஃபூ ஜெனரேஷனின் 'ரீரைட்' 2004 ஆகஸ்டில் சிங்கிளாக வந்தது. 'ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்' அனிமேயின் நான்காவது தொடக்கப் பாடல் என்பதால், புதிதாக எலெக்ட்ரிக் கிட்டார் வாங்கும் அனிமே ரசிகர்கள் இதில்தான் கை வைக்கிறார்கள். கைவைத்த இடத்திலேயே அதே தவறுகள். ட்யூனிங் சரியில்லை, தாளம் ஓடுகிறது என்பதெல்லாம் எவருக்கும் தெரியும், அவற்றை விட்டுவிடலாம்.

இரைச்சலுக்குப் பெடல் வாங்குவது

பணம் கரைவது இங்கேதான். லீட் கிட்டாரிஸ்ட் கென்சுகே கிதாவின் முத்திரை ஆக்டேவ் வாசிப்பு: ஒரே ஸ்வரத்தை இரண்டு ஸ்தாயியில் சேர்த்து அடிப்பது. ஐந்தாவது கம்பியின் 5ஆம் ஃப்ரெட்டில் (கிட்டார் கழுத்தின் கட்டத்தில்) ஆள்காட்டி விரல், மூன்றாவது கம்பியின் 7ஆம் ஃப்ரெட்டில் மோதிர விரல். இந்த வடிவம் ஒரே நாளில் வந்துவிடும். மற்ற நான்கு கம்பிகளும் வாயைத் திறக்காமல் இருக்க வேண்டுமே, அதுதான் வராது.

கார்டு பிடிக்கும் பழக்கத்தில் ஆள்காட்டி விரலைச் செங்குத்தாக நிறுத்துகிறார்கள். நான்காவது, இரண்டாவது, முதல் கம்பிகள் மூன்றும் திறந்து கிடக்கும். ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷனில் அது காட்டுக் கூச்சல். உடனே ஆம்ப்ளிஃபயர் மேல் பழிபோட்டு, இரைச்சலை அடக்கும் பெடலான நாய்ஸ் கேட் வாங்குகிறார்கள். சிக்னல் ஓர் அளவுக்குக் கீழே இறங்கினால் மட்டுமே கேட் மூடும். வாசிக்கும்போது ஒலிக்கும் திறந்த கம்பியை அது எப்படி நிறுத்தும்? எத்தனை முறை சொன்னாலும் அடுத்த ஆளும் அதையே வாங்கி வருவது எரிச்சலாகத்தான் இருக்கிறது.

விரலைச் சாய்த்து வையுங்கள். அதன் நுனி ஆறாவது கம்பியைத் தொட வேண்டும்; அடிப்பாகம் நான்காவது, இரண்டாவது, முதல் கம்பிகள் மேல் அழுத்தாமல் படிய வேண்டும். டிஸ்டார்ஷனை அணைத்துவிட்டு ஆறு கம்பிகளையும் பலமாக அடியுங்கள். இரண்டு மட்டும் ஒலித்து, மற்றவை 'டக்'கென்று நின்றால் சரி. இல்லையென்றால் ஒவ்வொன்றாகத் தட்டிப் பாருங்கள், குற்றவாளி அகப்படும். இடம் மாறும்போது அழுத்தத்தை மட்டும் தளர்த்திச் சறுக்குங்கள். விரலைத் தூக்கினால் ஒவ்வொரு நகர்விலும் கம்பி அலறும்.

ஆக்டேவை நான்காவது கம்பியில் தொடங்கினால் இடைவெளி இரண்டு ஃப்ரெட் அல்ல, மூன்று.

இரண்டு கிட்டாருக்கும் முழு கெயின்

கெயின் என்பது டிஸ்டார்ஷனின் அளவு. பாதிக்குக் குறையுங்கள்.

டிவி நீளத்தோடு நிறுத்துவது

தொலைக்காட்சியில் வருவது சுமார் ஒன்றரை நிமிடம். முழுப் பாட்டில், நடுவே எல்லாம் அடங்கி, ரெகே போல எதிர்த்தட்டில் நகரும் பகுதி ஒன்று உண்டு. அதைக் கேட்காமல் மேடையேறும் இசைக்குழு அங்கேதான் சிதறும். அந்த இடத்தில் அடித்த கணமே இடது கையைத் தளர்த்தி ஸ்வரத்தை வெட்டுங்கள். கால் தாளம் போடட்டும், கை இரண்டு தாளங்களுக்கு நடுவில் அடிக்கட்டும். பிறகு சத்தம் மெல்ல ஏறும். முதல் நான்கு பாரிலேயே (தாளச் சுற்றிலேயே) கொட்டித் தீர்த்தால் கடைசிப் பல்லவிக்கு எதுவும் மிஞ்சாது.

பதிவுகளைக் கலப்பது

'ரீரைட்' இடம்பெற்ற ஆல்பத்தை ஏசியன் குங்-ஃபூ ஜெனரேஷன் குழுவினர் 2016இல் மறுபடி பதிவுசெய்தார்கள். லீட் வாசிப்பவர் 2004, டிரம்மர் 2016 என்று பயிற்சி செய்ய வேண்டாம்.