ரோண்டேயில் யாருக்கு எவ்வளவு வாய்ப்பு: சனிக்கிழமை இரவு நான் போடும் கணக்கு

மார்ச் கடைசி வந்துவிட்டால் கோயம்புத்தூரிலிருந்து மச்சினன் போன் செய்துவிடுவான். "மாமா, இந்த வருசம் யாருங்க ஜெயிப்பாங்க?" அவனுக்கு ஒரே ஒரு பெயர் வேண்டும். நான் தருவதில்லை. நூறு புள்ளி எடுத்துக்கொள், அதை எல்லோருக்கும் பங்கு போட்டுப் பார் என்பேன். அந்தப் பங்கை எப்படிப் போடுவது என்று போனில் சொல்லி முடிக்க முடியவில்லை, அதனால் எழுதுகிறேன்.

நான் சொல்வது 'டூர் ஆஃப் ஃப்ளாண்டர்ஸ்' பற்றி. பெல்ஜியத்தின் ஃப்ளாண்டர்ஸ் பகுதியில் 1913-இல் தொடங்கிய ஒருநாள் சைக்கிள் பந்தயம் இது. ஊர்க்காரர்களுக்கு வெறும் 'ரோண்டே'தான். நான் கென்ட் நகரில் இருக்கிறேன். பந்தயம் முடியும் அவுடனார்டே இங்கிருந்து ரயிலில் அரை மணி நேரம். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த ஏற்றங்களில் நானும் சைக்கிள் மிதிக்கிறேன். வீரர்களை ஒப்பிட அது எனக்குப் பெரிய உதவி. நீங்கள் அங்கே போயிருக்க வேண்டியதில்லை, ஏற்றங்களின் சுபாவம் தெரிந்தால் போதும்.

முதலில் வீரர்களின் பட்டியலை ஒதுக்கி வையுங்கள். ஒரு தாளில் பாதையை முடிவிலிருந்து பின்னோக்கி எழுதுங்கள். மொத்தம் சுமார் 270 கிலோமீட்டர், 16 அல்லது 17 ஏற்றங்கள். அவற்றில் கணக்குக்கு வேண்டியவை சிலதான். முடிவுக் கோட்டுக்கு 13 கிலோமீட்டர் முன்னால் பாட்டர்பெர்க். அதற்குச் சற்று முன், சுமார் 18 கிலோமீட்டர் மீதம் இருக்கும்போது, அவுட க்வாரமான்ட் மூன்றாவது முறையாக வரும். இன்னும் பின்னால் போனால் சுமார் 45 கிலோமீட்டர் மீதம் இருக்கும் இடத்தில் கோப்பன்பெர்க். அதற்கு முன் க்வாரமான்ட், பாட்டர்பெர்க் இரண்டும் ஒரு முறை ஜோடியாக வந்து போயிருக்கும். 2012-இல் முடிவிடம் அவுடனார்டேக்கு மாறியதிலிருந்து பந்தயத்தின் உயிர் இந்த ஜோடியில்தான்.

இரண்டையும் "கல் பாவிய ஏற்றம்" என்று ஒரே கூடையில் போட்டுவிடாதீர்கள். பாட்டர்பெர்க் வெறும் 360 மீட்டர். ஆனால் சராசரி சரிவே 13 சதவீதத்தை ஒட்டி, உச்சத்தில் 20 சதவீதம். ஈரமான நாளில் நான் அங்கே எழுந்து நின்று மிதித்தேன். மறு நொடியே பின்சக்கரம் கல்லின் மேல் வெறுமனே சுழன்றது. உட்கார்ந்தால் சக்கரம் பிடிக்கிறது, கால் எரிகிறது. நின்றால் கால் பிழைக்கிறது, சக்கரம் வழுக்குகிறது. முழு பலத்தையும் ஒரு நிமிடத்துக்குள் கொட்டத் தெரிந்தவனுக்கான இடம் அது. க்வாரமான்ட் வேறு மாதிரி. 2,200 மீட்டர் நீளம், சராசரி 4 சதவீதம்தான். தார்ச்சாலையில் தொடங்கி, கல்லுக்கு மாறி, செங்குத்தாகி, கிராமத்தின் நடுவே போகும். ஏற்றம் முடிந்தது என்று நினைக்கும் இடத்தில் இன்னும் அரைகுறை மேடாகக் கல் நீண்டுகொண்டே இருக்கும். என் கால்கள் ஒவ்வொரு முறையும் அந்தக் கடைசிப் பகுதியில்தான் கைவிடுகின்றன. பெரிய வீரர்களும் அங்கேதான் அறுந்துபோகிறார்கள்.

இனி வீரர்கள். ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே ஒரே ஒரு வரி எழுதுங்கள்: இவர் எந்த இடத்தில் ஜெயிப்பார்? "நல்ல ஃபார்மில் இருக்கிறார்" என்று எழுதினால் அது பதில் ஆகாது. இடம் சொல்ல முடியாதவருக்குப் பெரிய பங்கு கொடுக்காதீர்கள்.

ததேய் பொகாச்சருக்கு என் வரி: க்வாரமான்ட், மூன்றாம் முறை. 2023-இல் அங்கேதான் மத்தியூ வான் டெர் பூலைக் கழற்றிவிட்டுத் தனியாகப் போனார். 2025-இலும் அதே ஏற்றம். அவருக்கு வேறு வழியும் அதிகம் இல்லை. 2022 நினைவிருக்கிறதா? அன்று எவ்வளவு தாக்கியும் வான் டெர் பூல் பாட்டர்பெர்க் உச்சி வரை நூலிழையில் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டார். இருவரும் கடைசிக் கிலோமீட்டரில் ஒருவரையொருவர் பார்த்து வேகம் குறைக்க, பின்னாலிருந்து டிலான் வான் பார்லேயும் வாலந்தான் மதுவாஸும் வந்து சேர்ந்தார்கள். கோட்டை நோக்கிய கடைசிப் பாய்ச்சலான ஸ்பிரின்ட்டில் வழி அடைபட்டு பொகாச்சர் நான்காவதாக முடித்தார்.

வான் டெர் பூலுக்கு இரண்டு வரி எழுத வேண்டியிருக்கிறது, அதுதான் அவருடைய பலம். ஒன்று, பொகாச்சரோடு ஒட்டிக்கொண்டு கோட்டுக்கு வருவது. இரண்டு, நாள் ஈரமாக இருந்தால் தொலைவிலேயே போய்விடுவது. 2020, 2022, 2024 என மூன்று வெற்றிகள். அதற்கு மேல் யாருமே ஜெயித்ததில்லை. ஸ்பிரின்ட் என்றாலே அவர்தான் என்றும் முடிவு கட்ட வேண்டாம். 2020-இல் வவுட் வான் ஆர்ட்டை மயிரிழையில் வென்றவர், அடுத்த ஆண்டே காஸ்பர் ஆஸ்கிரீனிடம் கோட்டுக்கு முன்னால் சோர்ந்து உட்கார்ந்துவிட்டார். ஆறு மணி நேரத்துக்குப் பிறகு வரும் ஸ்பிரின்ட்டில் யாரிடம் மிச்சம் இருக்கிறது என்பதுதான் பேசும்.

மட்ஸ் பெடர்சனுக்கு: முன்கூட்டியே கிளம்பிய குழுவில் இருந்தால், அல்லது பெரிய வீரர்கள் தயங்கினால். 2018-இல் இரண்டாவது, 2023-இல் மூன்றாவது, 2025-இல் மறுபடி இரண்டாவது. குளிரும் மழையும் அவருக்குப் பிடிக்கும், 2019 உலகப் பட்டத்தை அப்படி ஒரு நாளில்தான் வென்றார். வான் ஆர்ட்டுக்கு வரி எழுதும்போது எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும். மிகவும் பிடித்த வீரர். ஆனால் 2020-இல் இரண்டாவது, 2023-இலும் 2025-இலும் நான்காவது. பொகாச்சர் வந்திருக்கும் நாளில் க்வாரமான்ட்டில் அவர் பின்தங்கத்தான் செய்கிறார். பிடித்தவருக்கு ஐந்து புள்ளி கூடுதலாகக் கொடுக்கத் தோன்றும். அந்த ஐந்தை எடுத்துவிடுங்கள். ஃபிலிப்போ கன்னா போன்ற கனமான உடல்காரர்களுக்குச் சமதளக் கல்லில் மொத்த பலம் கைகொடுக்கும், சரிவு 10 சதவீதத்தைத் தாண்டினால் அதே எடை இழுக்கும். அவர்களுக்குச் சமதளக் கல்பாதையில் போகும் பாரிஸ்-ரூபே பந்தயம் நல்ல இடம், ரோண்டே கஷ்டம்.

அப்புறம் முந்தைய வாரப் பந்தயங்கள். ரோண்டேக்கு ஒன்பது நாள் முன், வெள்ளிக்கிழமை, ஹாரல்பேக்கேயில் நடக்கும் இ3 பந்தயம் இதே ஏற்றங்களில் போகிறது. அதற்கு நான் அதிக மதிப்பு தருகிறேன். அதிலும் யார் முதலிடம் என்பதை மட்டும் பார்க்காமல், யார் எந்த ஏற்றத்தில் அறுந்தார் என்று பார்க்க வேண்டும். 2025 இ3-இல் வான் டெர் பூல் க்வாரமான்ட்டில் பெடர்சனையும் கன்னாவையும் விட்டுவிட்டுத் தனியாகப் போனார். அதைப் பார்த்து பலரும் ரோண்டேயும் அவருக்குத்தான் என்றார்கள். பொகாச்சர் அந்த இ3-இல் ஓடவே இல்லை! பெடர்சனைவிட வான் டெர் பூல் மேல் என்பதைத்தான் அந்தப் பந்தயம் சொன்னது. வராதவரைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை. ஒன்பது நாள் கழித்து அவுடனார்டேயில் வரிசை பொகாச்சர், பெடர்சன், வான் டெர் பூல் என்று முடிந்தது.

கணக்கைச் சனிக்கிழமை இரவு போடுங்கள், அதற்கு முன் வேண்டாம். 2024-இல் நான் செவ்வாய்க்கிழமையே நோட்டில் எழுதி, வான் ஆர்ட்டுக்கு நல்ல பங்கு கொடுத்து வைத்திருந்தேன். புதன்கிழமை 'ட்வார்ஸ் டோர் ஃப்ளாண்டரன்' பந்தயத்தில் அவர் பயங்கரமாக விழுந்து காறை எலும்பும் விலா எலும்புகளும் உடைந்தன. நான் எழுதியதில் கால்வாசி அன்று மாலையே செல்லாமல் போனது.

சனிக்கிழமை இரவில் இன்னொரு வசதி, வானிலை தெரிந்துவிடும். மழை என்றால் கோப்பன்பெர்க்கின் மதிப்பை இரண்டு மடங்காக்குங்கள். 600 மீட்டர், உச்சத்தில் 22 சதவீதம், குறுகலான வழி. 2024-இல் சேறும் ஈரமுமாக இருந்தபோது உலகத்தின் தேர்ந்த வீரர்கள் பலர் இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தார்கள். முன்னால் ஒருவர் கால் ஊன்றினால் பின்னால் வருபவர்கள் எல்லோரும் நிற்க வேண்டியதுதான். முதல் ஐந்தாறு பேருக்குள் நுழைபவருக்கே மிதிக்க இடம் கிடைக்கும். வான் டெர் பூல் அன்று அங்கேயே கிளம்பிவிட்டார். சேற்றில் ஓட்டும் சைக்ளோகிராஸில் 2025 வரை ஏழு உலகப் பட்டம் வாங்கியவர், அந்தப் பயிற்சிதான் காரணம்.

காற்றையும் பாருங்கள். பாட்டர்பெர்க்கிலிருந்து அவுடனார்டே வடகிழக்கே இருக்கிறது. தென்மேற்குக் காற்று என்றால் தனியாகப் போகிறவரை முதுகில் கைவைத்துத் தள்ளிவிடும். எதிர்க்காற்று என்றால் அந்த 13 கிலோமீட்டர் சமதளத்தில் துரத்தும் குழுவுக்குத்தான் லாபம், பொகாச்சரிடமிருந்து கொஞ்சம் எடுத்துப் பெடர்சனுக்கு மாற்றுவேன்.

அணி பலத்துக்கு நான் அதிகம் தருவதில்லை. 2025 ட்வார்ஸ் பந்தயத்தில் வான் ஆர்ட், யோர்கென்சன், பெனோட் என ஒரே அணியின் மூன்று பேருக்கு நடுவே நீல்சன் பவ்லஸ் தனி ஆள். மூவரும் மாறி மாறித் தாக்கியிருந்தால் அவர் என்ன செய்திருப்பார்? ஸ்பிரின்ட்டுக்காகக் காத்திருந்தார்கள், பவ்லஸ் ஜெயித்தார்.

சரி, பங்கு. கூட்டினால் நூறுதான் வர வேண்டும், பெயருக்குப் பெயர் ஐம்பது கொடுக்க முடியாது. 2025-இல் வந்தது போலவே எல்லோரும் நல்ல உடம்போடு வந்து, நாளும் காய்ந்திருந்தால் நான் போடுவது: பொகாச்சர் 42, வான் டெர் பூல் 27, பெடர்சன் 9, வான் ஆர்ட் 6, கன்னா 3. மீதி 13 மற்ற எல்லோருக்கும். மழை என்றால் முதல் இருவரும் கிட்டத்தட்டச் சமம். அந்தப் 13-ஐ வெட்டிவிடாதீர்கள். 2019-இல் க்வாரமான்ட்டில் கிளம்பி ஜெயித்த ஆல்பெர்ட்டோ பெட்டியோலுக்கு அதற்கு முன் தொழில்முறையில் ஒரு வெற்றிகூடக் கிடையாது.

ஞாயிறன்று டிவி முன் உட்காரும்போது நோட்டும் பேனாவும் பக்கத்தில் இருக்கட்டும். இரண்டாம் முறை க்வாரமான்ட் ஏறும்போது தோள்களைக் கவனியுங்கள். பொகாச்சர் இருக்கையை விட்டு எழாமலே மிதித்துக்கொண்டிருக்க, பக்கத்தில் வருபவரின் தோள் இடமும் வலமும் ஆடத் தொடங்கினால் அவரிடமிருந்து பத்துப் புள்ளியை எடுத்துவிடலாம். மூன்றாம் முறை, கிராமம் தாண்டி அந்த அரைகுறை மேடு முடிந்து சாலை தாருக்கு மாறும் இடத்தில் வான் டெர் பூல் இன்னும் பொகாச்சரின் பின்சக்கரத்தை ஒட்டியே இருந்தால், பேனாவை எடுத்து இருவரின் எண்களையும் இடம் மாற்றி எழுதுங்கள். அடுத்த பாட்டர்பெர்க்குக்கு அதிக நேரம் இருக்காது.