நுளம்பு வலைக்குள் சார்ஜில் கிடக்கும் போன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மட்டக்களப்புக் கல்லடியில் பெரியம்மா வீட்டு மெத்தையில் உள்ளங்கை அகலத்தில் ஒரு கருகிய வட்டம் இருக்கிறது. கச்சான் காற்று அனலாய் அடித்த ஓர் இரவு, தம்பி போனைச் சார்ஜில் போட்டுத் தலையணைக்குக் கீழே வைத்தபடி தூங்கிப்போனான். பிளாஸ்டிக் கருகும் மணத்துக்குப் பெரியம்மா எழும்பியதால் மெத்தையோடு போயிற்று. மேலே கட்டியிருந்தது நைலோன் நுளம்பு வலை. அது பற்றினால் உருகிச் சொட்டுச் சொட்டாக ஆள்மேல் விழும். நினைத்தால் இன்றும் நெஞ்சு பதறுகிறது.

என்னைக் கேட்டால், எல்லாவற்றிலும் பெரிய தவறு படுக்கையில் சார்ஜ் போடுவதுதான். போனிலுள்ள லித்தியம் அயன் பற்றரிக்குள் இரண்டு மின்வாய்களையும், அதாவது பிளஸ், மைனஸ் பக்கங்களையும், பிரித்து வைத்திருப்பது தலைமுடியைவிட மெல்லிய ஒரு பிளாஸ்டிக் தாள். அது கிழிந்தாலோ சூட்டில் உருகினாலோ இரண்டும் தொட்டு உள்ளே ஷோர்ட் ஆகும். அந்தச் சூடு இன்னும் சூட்டைக் கிளப்பும். உள்ளிருக்கும் திரவமும் எரியக்கூடியது. 2016இல் சாம்சங் கேலக்ஸி நோட் 7 போன்களை உலகெங்கும் திருப்பி எடுத்தது பற்றரிக்குள் நடந்த ஷோர்ட்டால்தான். அவ்வளவு பெரிய கம்பனிக்கே தவறியபோது எந்தப் பற்றரியையும் முழுசாக நம்ப ஏலாது. ஆனால் அது எங்கே கிடந்து சூடாகிறது என்பது நம் கையில் இருக்கிறது. துணி, பாய், கடதாசி எதுவும் கிட்ட இல்லாத சீமெந்துத் தரையில் வையுங்கள். விழித்திருக்கும் நேரத்தில் போடுங்கள்.

அடுத்தது பிளக். மூன்று துளைப் பிளக்கில் இரண்டு முள் சார்ஜரைச் செருக, மேல் துளைக்குள் பேனாவை விட்டு நெம்பும் பழக்கம் நம் வீடுகளில் சர்வசாதாரணம். அந்தத் துளைகள் தட்டை முள்ளுக்கானவை. மெல்லிய உருண்டை முள்ளை இறுகப் பிடிக்காது. தளர்ந்த இடத்தில் பொறி தட்டிப் பிளக்கே கருகும். மூன்று முள் சார்ஜர் வாங்குங்கள்.

மேசையில் வைத்தால் போன் ஆடுகிறதா? பின்மூடி தூக்குகிறதா? பற்றரி ஊதிவிட்டது. ரப்பர் பான்ட் போட்டு இறுக்கிப் பாவிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம். காற்றை இறக்க ஊசியால் குத்தவே கூடாது, அந்த நொடியே தீப்பிடிக்கலாம். போனை அணைத்து, சார்ஜ் போடாமல் கடைக்குக் கொண்டுபோங்கள். கழற்றிய பற்றரியை வளவுக் குப்பையோடு எரிக்காதீர்கள்.

தோணியில் போகிறவர்களுக்கு ஒன்று: உப்புத்தண்ணீர் வாவியில் விழுந்த போனை அரிசிக்குள் புதைத்துவிட்டுச் சார்ஜ் போடாதீர்கள். ஈரம் காய்ந்தாலும் உப்பு உள்ளேயே இருந்து அரிக்கும். மோட்டார் சைக்கிள் சீற்றுக்குக் கீழே, வெயிலில், போனை வைப்பதும் கெடுதல், அந்தச் சூடு பற்றரிக்கு ஆகாது.

புகை வந்தால் முதலில் பிள்ளைகளை வெளியே அனுப்புங்கள், அந்தப் புகை நஞ்சு. மெயின் சுவிட்சை அணைத்த பிறகு வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றுங்கள். பற்றரியைக் குளிரவைப்பது அதுதான். கையால் தூக்காதீர்கள். பெரியம்மா அன்று வெறும் கையால் தூக்கி முற்றத்தில் எறிந்தார். மூன்று விரல்களில் தழும்பு. அணைந்தது போலத் தெரிந்தாலும் திரும்பப் பற்றும், ஆகவே குளிர்ந்ததும் கைபடாமல் முற்றத்து மணலுக்குத் தள்ளிவிடுங்கள், விடியும்வரை அங்கேயே கிடக்கட்டும்.