ஆக்சைடு மென்படலங்களின் காந்தத்தன்மை: குறைபாடுகளின் மீது பழிபோடும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அரை மில்லிமீட்டர் தடிமனுள்ள அடித்தளத்தின் மீது வளர்த்த 20 நானோமீட்டர் மென்படலத்தைக் காந்தமானியில் வைக்கும்போது, படலத்தைப் போல் 25,000 மடங்கு கன அளவுள்ள வேறொரு பொருளையும் சேர்த்தே அளக்கிறோம். இதை மறந்துவிட்டு, திரையில் ஒரு தயக்கக் கண்ணி (புலத்தை ஏற்றி இறக்கும்போது காந்தமாக்கம் வேறு வேறு பாதைகளில் சென்று வரையும் மூடிய வளைவு) தெரிந்தவுடன் அதற்கு ஆக்சிஜன் காலியிடங்களே (படிகத்தில் ஆக்சிஜன் அணு இல்லாமல் வெறுமையாக உள்ள இடங்கள்) காரணம் என்று எழுதிவிடுவதுதான் இத்துறையில் மிகுதியாகக் காணப்படும் தவறு.

காந்த அயனி எதுவுமில்லாத ஹாஃப்னியம் டைஆக்சைடு படலங்களில் ஃபெர்ரோ காந்தத்தன்மை (இரும்பில் உள்ளதைப் போன்ற வலுவான காந்தத்தன்மை) காணப்படுவதாக 2004இல் டப்ளின் டிரினிட்டி கல்லூரி ஆய்வாளர்கள் அறிவித்தனர். மறு ஆண்டில் வெளியான வேறொரு குழுவின் ஆய்வோ, மாசுபடாத படலங்களில் அத்தகைய காந்தத்தன்மை இல்லை என்பதையும், துருப்பிடிக்காத எஃகு இடுக்கியால் கையாண்டாலே அதையொத்த சைகை எழுகிறது என்பதையும் காட்டியது. கணக்கிட்டுப் பார்த்தால் இதில் வியப்பில்லை: இத்தகைய படலங்களில் பேசப்படும் 0.00001 இ.எம்.யு. (காந்தத் திருப்புத்திறனின் அலகு) அளவுள்ள காந்தத் திருப்புத்திறனுக்கு 46 நானோகிராம் இரும்பு, அதாவது ஒரு பக்கம் 18 மைக்ரோமீட்டரே உள்ள துகள், போதுமானது. ஆகவே பிளாஸ்டிக் இடுக்கியைப் பயன்படுத்துவதும், படலம் வளர்க்கும்போது அடித்தளத்தை ஒட்டவைக்க அதன் பின்புறம் பூசிய வெள்ளிப் பசையைச் சுரண்டி நீக்குவதும், படலம் படியாத ஓர் அடித்தளத்தை அதே சூட்டிலும் அதே வாயுவிலும் வைத்தெடுத்து அளப்பதும் கட்டாயம். (50 கெல்வினுக்குச் சற்றுக் கீழே தோன்றும் சிறு மேடு பல வேளைகளில் புதிய காந்த நிலை அல்ல, கருவிக்குள் உறைந்த ஆக்சிஜன்.)

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. வலுவான காந்தப் புலத்தில் அளவீட்டுக் கோட்டில் தெரியும் சரிவு முழுவதும் அடித்தளத்தின் டயா காந்தத்தன்மையே (புலத்துக்கு எதிராக எழும் மெல்லிய காந்தத்தன்மை) என்று கொண்டு அதைக் கழித்துவிடுவது வழக்கம். மக்னீசியம் ஆக்சைடின் மீது வளரும் மேக்னடைட் என்ற இரும்பு ஆக்சைடில் இது உண்மையான சைகையையே அழித்துவிடும். மேக்னடைட்டின் அணிக்கோவை மாறிலி (படிக அமைப்பு மீண்டும் மீண்டும் வரும் இடைவெளி) அடித்தளத்தினுடையதைப் போல் ஏறத்தாழ இருமடங்கு என்பதால், தனித்தனித் தீவுகளாகத் தொடங்கும் படலம் ஒன்றுசேரும்போது ஆக்சிஜன் வரிசை முறியாமல் தொடர்ந்தாலும் இரும்பு அயனிகளின் வரிசை இடம் பெயர்ந்து நிற்கிறது. வரிசை இடம் பெயரும் இந்த இடங்களுக்கு எதிர்க்கட்ட எல்லைகள் என்று பெயர்; அவற்றின் குறுக்கே இரும்பு–ஆக்சிஜன்–இரும்பு பிணைப்பு ஏறத்தாழ நேர்கோட்டில் அமைவதால், இருபுறத்துக் காந்தங்களும் எதிரெதிராகத் திரும்ப முனைகின்றன. 7 டெஸ்லா புலத்திலும் இப்படலங்கள் தெவிட்டுவதில்லை, அதாவது காந்தமாக்கம் உச்சத்தை எட்டி நிற்பதில்லை, என்பது 1997இலேயே அறியப்பட்டது. இரு வரிசைகளுக்கும் பொதுவான எக்ஸ் கதிர் முகடுகள் கூர்மையாகவே இருக்கும் என்பதால், அவற்றை மட்டும் பார்த்துப் படிகம் குறையற்றது என்று முடிவு செய்வது இங்கே இரண்டாவது சறுக்கல். எல்லைகளைக் காண, இரும்பு வரிசையிலிருந்து மட்டும் எழும் விளிம்பு வளைவுக் கதிரை (படிகத்தால் சிதறி ஒரு குறிப்பிட்ட திசையில் வரும் கற்றையை) தேர்ந்து மின்னணு நுண்ணோக்கியில் படமெடுக்க வேண்டும்.

ஸ்ட்ரான்சியம் கலந்த லாந்தனம் மாங்கனைட்டில் குழப்பம் வேறு வகையானது. ஒவ்வோர் ஆக்சிஜன் காலியிடமும் இரண்டு எலெக்ட்ரான்களை விட்டுச் செல்வதால் நான்கு இணைதிற மாங்கனீசு குறைந்து, இரட்டைப் பரிமாற்றமும் (எலெக்ட்ரான்கள் மாங்கனீசு அயனிகளுக்கிடையே தாவி அவற்றின் காந்தங்களை ஒரே திசையில் நிறுத்துவது) கியூரி வெப்பநிலையும் (அதற்கு மேல் ஃபெர்ரோ காந்தத்தன்மை மறையும் வெப்பநிலை) தாழ்கின்றன. அடித்தளத்தின் இழுவிசையும் அதைத் தாழ்த்தக்கூடும். ஆனால் ஸ்ட்ரான்சியம் டைட்டனேட் அடித்தளம் படலத்தைப் பக்கவாட்டில் இழுக்கும்போது படலத்தின் செங்குத்துத் திசை அணிக்கோவை மாறிலி சுருங்க வேண்டும், ஆக்சிஜன் குறைந்தால் அது விரியும். எனவே, எதிர்பார்த்த சுருக்கம் இல்லாத படலத்தை ஆக்சிஜனில் மீண்டும் சூடேற்றி அளப்பதே முதல் வேலை. அப்போதும் கியூரி வெப்பநிலை உயராவிட்டால், படலம் மிக மெல்லியதாகி, அடித்தளத்தை ஒட்டிய சில அலகுக் கூடுகளின் (படிகத்தின் மீண்டும் வரும் மிகச் சிறிய கட்டங்களின்) காந்தமற்ற அடுக்கே மேலோங்கிவிட்டதா என்று வெவ்வேறு தடிமன்களில் வளர்த்துப் பார்க்க வேண்டும்.