ரேங்க் கார்டில் கையெழுத்துப் போட மட்டும் பள்ளிக்கு வராதீர்கள்

கடலூரில் நான் ஆசிரியையாக இருந்த ஆண்டுகளில், பெற்றோர் கூட்டத்துக்கு வருகிறவர்களில் பலர் வகுப்பறை வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, நின்றபடியே ரேங்க் கார்டை வாங்கி, காட்டிய இடத்தில் கையெழுத்திட்டு, "நல்லா படிக்கச் சொல்லுங்க மிஸ்" என்று கூறித் திரும்பிவிடுவார்கள். இரண்டு நிமிடத்தில் முடிந்துபோகும் அதையும் நாங்கள் 'கூட்டம் நடைபெற்றது' என்றே பதிவேட்டில் எழுதிவந்தோம்.

மதிப்பெண்ணைத் தெரிந்துகொள்ளப் பள்ளிக்கு வர வேண்டிய அவசியமே இல்லை. அது வீடு தேடி வந்துவிடும். 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 24ஆம் பிரிவு, ஆசிரியர் பெற்றோரை முறையாகச் சந்தித்து, பிள்ளையின் வருகை, கற்கும் திறன், கற்றலில் அடைந்துள்ள முன்னேற்றம் ஆகியவற்றைத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. ஆனால் ஆசிரியருக்குத் தெரியாததைச் சொல்ல வேண்டியவர் பெற்றோர். ஏழாம் வகுப்பில் ஒரு மாணவன் கரும்பலகையில் 38 என்று இருப்பதை 33 என்று எழுதிக்கொண்டு போவான். 'கவனக்குறைவு' என்று அவன் கார்டில் இரண்டு பருவமும் நானே எழுதினேன். துறைமுகத்தில் மீன் விற்றுவிட்டு நேரே வந்திருந்த அவனுடைய அம்மா, கிளம்பும்போது போகிறபோக்கில், "வீட்டுலயும் டிவிகிட்டப் போய் மூஞ்சிய ஒட்டிக்கிட்டுத்தான் உட்காருறான் மிஸ்" என்றார். அரசு மருத்துவமனையில் கண் பரிசோதித்தபோது கிட்டப்பார்வை என்று தெரிந்தது. என் பாதியும் அவர் பாதியும் சேர ஓராண்டு ஆகியிருந்தது. அவர் உட்கார்ந்து பேச ஒரு நாற்காலி போட்டிருந்தால் முதல் கூட்டத்திலேயே சேர்ந்திருக்கும்.

பிள்ளையைப் பக்கத்தில் நிறுத்திவைத்துக்கொண்டு திட்டுவது அடுத்த தவறு. "கண்ணு ரெண்ட விட்டுட்டுத் தோல உரிச்சிடுங்க சார்" என்பதை இன்றும் பாசத்தோடுதான் சொல்கிறார்கள். அடிப்பதையும் மனரீதியாகத் துன்புறுத்துவதையும் அதே சட்டத்தின் 17ஆம் பிரிவு தடை செய்திருக்கிறது என்பது ஒருபுறமிருக்க, அந்த ஒரு வாக்கியத்துக்குப் பிறகு பிள்ளை வாயைத் திறக்கப்போவதில்லை. எந்தப் பாடம் புரியவில்லை, எந்த இடத்தில் உட்கார்ந்தால் தொல்லை என்பதெல்லாம் அத்தோடு அடைபட்டுவிடும்.

எழுதப் படிக்கத் தெரியாது என்பதற்காக ஒதுங்குவதும் தேவையில்லாதது. பிள்ளை எத்தனை மணிக்குத் தூங்குகிறது, திங்கட்கிழமைகளில் மட்டும் ஏன் வயிற்றுவலி வருகிறது என்பவற்றைச் சொல்லப் பட்டம் வேண்டியதில்லை.

பள்ளிகளின் தவறையும் சொல்லியாக வேண்டும். வேலைநாளில் காலை பத்து மணிக்குக் கூட்டம் வைத்துவிட்டு, 'பெற்றோருக்கு அக்கறையில்லை' என்று குறைபட்டுக்கொள்வது நியாயமாகாது. பண்ருட்டியில் முந்திரி உடைக்கப் போகும் தாய்க்கு அது ஒரு நாள் கூலி. சிப்காட்டில் இரவு ஷிப்ட் முடித்து வந்தவருக்கு அது தூங்கும் நேரம். விசைப்படகில் செல்லும் தகப்பனுக்கோ ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலத்தில்தான் கரையில் நிம்மதியாக இருக்க முடிகிறது. அதில் பெரும்பகுதி பள்ளிக்குக் கோடை விடுமுறை! மாலை ஆறு மணிக்கு ஒரு கூட்டம் வைத்துப் பார்த்தோம். அதுவரை நாங்கள் கண்டிராத அப்பாக்கள் வந்தார்கள்.

அரசுப் பள்ளியில் பிள்ளை படித்தால் பள்ளி மேலாண்மைக் குழுவையும் மறந்துவிடக் கூடாது. அதன் உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர் அல்லது பாதுகாவலர்களாகவும், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்பது சட்டம். மனைவி உறுப்பினராக இருக்க, கணவர் வந்து உட்காருவதும், தீர்மானப் புத்தகத்தைப் படிக்காமலே கையெழுத்திடுவதும் சாதாரணமாக நடக்கின்றன. கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை என்பதைக் கூச்சமில்லாமல் எடுத்துச் சொல்லக்கூடியவர் அந்தத் தாய்தான். அவர் இடத்தில் வேறொருவர் உட்கார்ந்தால் தாழ்ப்பாள் வராது.

கூட்டம் முடிந்து வீட்டுக்குப் போனதும் பிள்ளை கேட்கும் முதல் கேள்வி, "மிஸ் என்ன சொன்னாங்க?" என்பதுதான். குறையை மட்டும் ஒப்பிக்காமல், ஆசிரியர் பாராட்டிய ஒன்றை முதலில் சொல்லுங்கள். அவர் எதையும் பாராட்டவில்லை என்றால், கிளம்புவதற்கு முன் அவரிடமே கேட்டு வாங்கிக்கொண்டு வாருங்கள்.