எலுமிச்சை சோர்பே கல்லாக உறையாமல் இருக்க

பழச்சாற்றையும் சர்க்கரை நீரையும் உறையவைத்துச் செய்யும், பாலோ முட்டையோ சேராத ஐஸ் வகையான எலுமிச்சை சோர்பேயைத் தனி இயந்திரம் இல்லாமல் வீட்டிலேயே செய்யலாம். ஆனால் அதன் பதம் பெரும்பாலும் சர்க்கரையின் அளவில்தான் இருக்கிறது. அரை லிட்டர் தண்ணீரில் 250 கிராம் சர்க்கரையைக் கரையும்வரை மட்டும் சூடாக்கி, இறக்கியவுடன் இரண்டு பழங்களின் மஞ்சள் தோலை மெல்லியதாகத் துருவிச் சேர்த்து, நன்கு ஆறிய பின் வடிகட்டி, 150 மில்லி எலுமிச்சைச் சாறும் ஒரு சிட்டிகை உப்பும் கலக்க வேண்டும். தோலுக்கு அடியிலுள்ள வெள்ளைப் பகுதி துருவலோடு வந்துவிட்டால் கசக்கும். சர்க்கரை நீரின் உறைநிலையைத் தாழ்த்துவதால்தான் கலவை கரண்டிக்கு இளகிக் கொடுக்கிறது. இனிப்பைக் குறைக்க எண்ணிச் சர்க்கரையைப் பாதியாக்கினால் கிடைப்பது புளிப்பு ஐஸ் கட்டிதான்.

அகலமான எவர்சில்வர் தட்டில் ஊற்றி ஃப்ரீசரில் வைத்து, ஓரங்களில் ஊசி ஊசியாகப் படிகம் கட்டத் தொடங்கியதும் முள்கரண்டியால் நடுவை நோக்கிச் சுரண்டிக் கலக்க வேண்டும். அரை மணிக்கு ஒருமுறை இவ்வாறு செய்து, இறுகிய பின் மிக்ஸியில் ஒரு சுற்று ஓட்டி மீண்டும் உறையவிட்டால் நயமாக வரும். சாத்துக்குடிச் சாறு பிழிந்து வைத்தால் கசப்பேறும் என்பதால் அதை நான் இதற்குப் பரிந்துரைக்க மாட்டேன். கமலா ஆரஞ்சு எடுப்பவர்கள் தண்ணீரைக் குறைத்து, சிறிது எலுமிச்சையும் பிழிந்துகொள்ளலாம்.