தேங்க்ஸ்கிவிங்குக்கு வந்த தாத்தா பாட்டியை சோபாவில் உட்காரவைத்துவிடாதீர்கள்

தேங்க்ஸ்கிவிங் என்பது நவம்பரின் நான்காம் வியாழனன்று அமெரிக்காவில் குடும்பமாகக் கூடி வான்கோழி விருந்து சாப்பிடும் நன்றித் திருநாள். நவம்பர் பிறந்தால் போதும், எங்கள் நியூஜெர்சி வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே மாதிரிக் கேள்விகள் வரத் தொடங்கிவிடும். "ஊர்லேர்ந்து மாமியார் மாமனார் வந்திருக்காங்க, தேங்க்ஸ்கிவிங்குக்கு என்ன பண்ணலாம்?" வெகுநாளாக இந்த விருந்தை வீட்டில் நடத்துகிறவள் என்பதால் என்னையும் கேட்பார்கள். ஆரம்பத்தில் நாங்கள் செய்த அதே பிழைகளை இப்போது இளம் தம்பதிகள் வரிசையாகச் செய்கிறார்கள். பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

வான்கோழியை எப்போது ஃப்ரீசரிலிருந்து எடுப்பது (நாலைந்து பவுண்டுக்கு ஒரு நாள் ஃப்ரிட்ஜில்), உள்ளே 165 டிகிரி ஃபாரன்ஹீட் வந்ததா என்று பார்ப்பது, இதெல்லாம் பொட்டலத்திலேயே அச்சடித்திருக்கும். அவற்றை விட்டுவிடுகிறேன். பெரியவர்கள் வீட்டில் இருக்கும்போது மட்டும் நடக்கிற பிழைகள் வேறு.

"நீங்க உக்காருங்க, நாங்க பாத்துக்கறோம்"

எல்லாவற்றிலும் பெரிய பிழை இதுதான். அன்பில் செய்வதால் யாருக்கும் பிழை என்றே தெரிவதில்லை. இன்றைக்கும் இந்த வாக்கியத்தைக் கேட்டால் எனக்குக் கோபம் வருகிறது.

சில வருடங்களுக்கு முன் தோழி ஒருத்தி வீட்டு விருந்துக்குப் போயிருந்தோம். அவள் மாமியார் மதுரைப் பக்கம். ஊர்க் கோயில் அன்னதானத்துக்கு உப்பு எவ்வளவு, புளி எவ்வளவு என்று அவரைக் கேட்டுத்தான் போடுவார்களாம். அன்றைக்கு அவரை டிவிக்கு நேர் எதிரே, காலுக்கு ஒரு கம்பளி போர்த்தி உட்காரவைத்திருந்தார்கள். அடுக்களையில் நாலு பெண்கள் பரபரப்பாக இருந்தோம். அவர் மெதுவாக எழுந்து வந்து, "சும்மாவே உக்காந்திருக்கேன்மா, அந்தப் பீன்ஸையாவது குடு, நறுக்கித் தர்றேன்" என்றார். "வேணாம் அத்தை, நீங்க ரெஸ்ட் எடுங்க." கொஞ்ச நேரம் கழித்து மறுபடி வந்தார், தட்டு எடுத்து வைக்கட்டுமா என்று. அதற்கும் அதே பதில். மூன்றாம் முறை அவர் எழவில்லை. ஆறு வயதுப் பேரன் பக்கத்திலேயே ஐபேடில் மூழ்கியிருந்தான். சாப்பாடு வந்ததும் முதல் தட்டு அவருக்குத்தான் போனது, மரியாதையாக. விருந்தாளிக்குக் கொடுப்பதுபோலவே கொடுத்தார்கள்.

விசா முடிந்து அவர் ஊருக்குப் போய்விட்டார். பிறகு மூட்டுவலி முற்றி, இனி இவ்வளவு நீண்ட விமானப் பயணம் வேண்டாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். இப்போது என் தோழி போனில் கேட்டுக் கேட்டு அவருடைய புளிக்குழம்பைச் செய்து பார்க்கிறாள், வரவில்லை. கை அளவில் போட்டவரால் ஸ்பூன் கணக்கு சொல்ல முடியவில்லை. பேரனுக்கு அப்பத்தா என்றால் சோபாவில் உட்கார்ந்திருந்தவர் என்பதுதான் ஞாபகம். ஒரு முழு நாள், எல்லோருக்கும் விடுமுறை, மூன்று தலைமுறையும் ஒரே வீட்டில். அப்படி ஒரு நாள் கையில் இருந்தும் வீணாய்ப் போனது.

ஓய்வு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மூட்டுவலி உள்ளவரை நிற்கவைக்காதீர்கள், சாப்பாட்டு மேசையில் உட்காரவைத்து வேலை கொடுங்கள். சூடான பெரிய தட்டை ஓவனிலிருந்து குனிந்து எடுக்கச் சொல்லாதீர்கள். மின்சார அடுப்பில் தீயே இருக்காது. அணைத்த பிறகும் சுடும். கேஸ் அடுப்பிலேயே பழகியவர்கள் கையைச் சுட்டுக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். அடுப்பு உங்கள் பொறுப்பில் இருக்கட்டும், பக்குவம் அவர்கள் பொறுப்பில் இருக்கட்டும்.

கொடுக்கிற வேலை உண்மையான வேலையாக இருக்கவேண்டும். அவர்கள் செய்யாவிட்டால் மேசையில் ஒரு பதார்த்தம் குறையவேண்டும். பேருக்கு நாலு நாப்கினை மடிக்கக் கொடுத்தால் அவர்களுக்கு உடனே புரிந்துவிடும். அதோடு, அந்த வேலையில் முடிவு அவர்களுடையது. உப்பு கூடியதோ குறைந்ததோ, நீங்கள் பின்னால் நின்று திருத்தக்கூடாது. கூடமாட ஒத்தாசைக்குப் பேரனோ பேத்தியோ இருக்கவேண்டும்.

எங்கள் வீட்டில் அது கிரான்பெர்ரித் தொக்கு. இந்தப் பழம் தெற்கு நியூஜெர்சியின் பைன் பேரன்ஸ் சதுப்பு நிலங்களிலேயே விளைகிறது. இலையுதிர் காலத்தில் அறுவடை ஆவதால் நவம்பரில் கடையெங்கும் 12 அவுன்ஸ் பைகளாகக் கிடைக்கும். என் மாமியார் முதல்முறை ஒன்றைக் கடித்துப் பார்த்துவிட்டு, "களாக்காய் மாதிரில்ல இருக்கு, இதுல போயி சர்க்கரையைக் கொட்டுறாங்களே" என்றார். அன்றிலிருந்து எங்கள் வீட்டு கிரான்பெர்ரி சாஸ் அவர் கைக்குப் போய்விட்டது. நல்லெண்ணெய் காய்ந்து, கடுகு வெடித்து, கழுவித் துடைத்த பழத்தைப் போட்டு மூடினால் ஒவ்வொன்றாகப் பட் பட்டென்று வெடிக்கும். பழத்துக்குள்ளே காற்றறைகள் இருக்கின்றன. தண்ணீரில் மிதப்பதும் அதனால்தான். என் மகள் ஸ்டூலில் ஏறி நின்று அந்தச் சத்தத்தை எண்ணுவாள். சத்தம் அடங்கியதும், "இப்ப மசிடீ" என்று உத்தரவு வரும். மஞ்சள்தூள், மிளகாய்த்தூள், உப்பு, வறுத்துப் பொடித்த வெந்தயம், பெருங்காயம், சுண்டு விரல் நுனியளவு வெல்லம். புளி வேண்டாம், பழத்தின் புளிப்பே போதும். எண்ணெய் ஓரத்தில் பிரிந்து வருவதை அப்பத்தா கரண்டியால் ஒதுக்கிக் காட்டுவார். அந்த எண்ணெய் பிரியும் கட்டத்தை என் மகள் இப்போது வாசனையிலேயே கண்டுபிடிக்கிறாள். எந்தச் செய்முறைக் காணொளியிலும் அது வராது.

இது தமிழ் வீடுகளுக்கு மட்டும் உள்ள சங்கதி இல்லை. எங்கள் எதிர் வீட்டு அமெரிக்கப் பாட்டி 'பூசணி பை' (pie) என்னும், மாவு மேலோட்டில் வைத்துச் சுடும் இனிப்பை இப்போதும் தன் தாயின் கையெழுத்தில் உள்ள சின்ன அட்டையைப் பார்த்துத்தான் செய்கிறார். வெண்ணெய்க் கறை படிந்து பாதி எழுத்து மங்கிப்போன அட்டை. மாவு தேய்ப்பது பேரப்பிள்ளைகளின் வேலை. அவருடைய மகன் ஒரு வருடம் சிரமம் வேண்டாம் என்று அந்த இனிப்பைக் கடையில் வாங்கி வந்துவிட்டானாம். அந்த வருடத்தைப் பற்றிப் பேசும்போது இன்னமும் அவர் முகம் வாடுகிறது.

தாத்தாக்களை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். சமையல் தெரியாதவராகவே இருக்கட்டும். உதிர்ந்த இலைகளைப் பேரனோடு வாரட்டும், பட்டியல் எழுதி நேரக் கணக்குப் பார்க்கட்டும், மாலையில் ரம்மிக்கோ பல்லாங்குழிக்கோ தலைமை தாங்கட்டும். பல்லாங்குழிக்குப் பலகை இல்லையென்றால் 12 குழி உள்ள மஃபின் தட்டின் இருபுறமும் ஒரு கிண்ணம் வையுங்கள், 14 குழி ஆகிவிட்டது. சோழிக்குப் பதில் காய்ந்த மொச்சை.

இரவு எட்டு மணிக்கு விருந்து

வேண்டாம். சர்க்கரை மாத்திரை போடுகிறவர்களால் காத்திருக்க முடியாது. இங்கே பல அமெரிக்க வீடுகளில் மதியம் இரண்டிலிருந்து நாலுக்குள் உட்கார்ந்துவிடுகிறார்கள். நவம்பர் கடைசியில் நாலரைக்கே இருட்டிவிடும். வெளிச்சம் இருக்கும்போதே சாப்பிட்டுவிட்டு, பெரியவர்களோடு தெருவில் ஒரு நடை போய்வர அதுதான் தோது.

"அது வெஜ்தான், சாப்பிடலாம்"

கேட்காமல் சொல்லாதீர்கள். வான்கோழியோடு பரிமாறும் ரொட்டிக் கலவையான ஸ்டஃபிங்கைக் கடையில் வாங்கினால் அதில் பெரும்பாலும் கோழிச்சாறு இருக்கும். மார்ஷ்மெல்லோ மிட்டாயில் மிருகங்களின் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் ஜெலட்டின். சில பை மேலோடுகளில் பன்றிக்கொழுப்பு. அறுபது எழுபது வருடமாகச் சைவம் காத்தவருக்குச் சாப்பிட்ட பிறகு தெரிய வந்தால், அவர் உங்களிடம் ஒன்றும் சொல்லமாட்டார். அது இன்னும் மோசம்.

மன்ஹாட்டனுக்கு அழைத்துப்போவது

நியூயார்க்கின் மன்ஹாட்டனில் மேசிஸ் என்ற பெரிய கடை நடத்தும் ராட்சத பலூன் ஊர்வலம் 1924-இல் தொடங்கியது, பார்க்கவேண்டியதுதான். ஆனால் 77-ஆவது தெருவிலிருந்து 34-ஆவது தெரு வரை நிற்கும் அந்தக் கூட்டத்தில், குளிரில், கழிப்பறை தேடி ஒரு பெரியவரை அலையவிடாதீர்கள். டிவியில் பாருங்கள். தாத்தாவுக்கு எந்த பலூன் எந்தக் கார்ட்டூன் என்று பேரன் சொல்லட்டும்.

பிள்ளைகளிடம் பாதிக் கதை சொல்வது

"இது என்ன பண்டிகை?" என்று தாத்தா பேத்தியிடம் கேட்பார். கேட்கவிடுங்கள், நல்ல விளையாட்டு அது. ஆனால் பள்ளியில் பிள்ளைகள் செய்துவரும் காகித இறகுத் தொப்பியோடு கதையை முடித்துவிடாதீர்கள். 1621-இல் மாசசூசெட்ஸின் பிளிமத்தில் ஆங்கிலேயக் குடியேறிகளின் அறுவடை விருந்துக்கு மாசசோயிட் தலைமையில் வந்த வாம்பனோக் பூர்வகுடி மக்கள் ஐந்து மான்களை வேட்டையாடிக் கொடுத்தார்கள். பிறகு நிலத்தை இழந்ததும் அவர்கள்தான். 1970-லிருந்து இதே நாளில் பிளிமத்தில் துக்க நாள் அனுசரிக்கப்படுகிறது. 1863-இல், உள்நாட்டுப் போரின் நடுவே, லிங்கன் இதை நாடு முழுமைக்குமான நாளாக அறிவித்தார். நவம்பரின் நான்காம் வியாழன் என்று சட்டமானது 1941-இல். அந்நிய ஆட்சியையும் நிலம் பறிபோன கதைகளையும் கேட்டு வளர்ந்த தாத்தா இதைக் கேட்டதும் தன் ஊர்க் கதையைத் தொடங்குவார். அதைக் குறுக்கே வெட்டாதீர்கள்.

கதையைப் பதிவு செய்கிறேன் என்று கெடுப்பது

சாப்பாட்டு மேசையில் பத்துப் பேர் நடுவே போனை நீட்டி, "உங்க வாழ்க்கையைப் பத்திச் சொல்லுங்க" என்றால் யாருக்கும் வாய் வராது. பின்னால் டிவியில் டெட்ராய்ட் லயன்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணியின் ஆட்டம் வேறு ஓடும். 1934-லிருந்து ஏறக்குறைய ஒவ்வொரு தேங்க்ஸ்கிவிங்குக்கும் அவர்கள் ஆடுகிறார்கள், ஒரு வருடம் அரைமணி நேரம் பார்க்காவிட்டால் ஒன்றும் ஆகாது.

கதவு சாத்திய ஓர் அறை, கம்பளம் விரித்த அறையாக இருந்தால் இன்னும் நல்லது, எதிரொலி குறையும். கேட்பவர் ஒருவர், சொல்பவர் ஒருவர். போனை மடியில் வைக்காமல் தலையணைமேல் வையுங்கள். கேள்வி சின்னதாக இருக்கட்டும்: பள்ளிக்கூடத்துக்கு எப்படிப் போனீங்க, தீபாவளிக்கு முதல் நாள் வீட்டில் என்ன வேலை இருக்கும், முதல் சம்பளத்தில் என்ன வாங்கினீங்க. பேரன் கேட்டால் பதில் நீளும். மகன் கேட்டால் சுருங்கும். வருடம் தப்பாகச் சொன்னால் திருத்தாதீர்கள். மக்களின் வாழ்க்கைக் கதைகளைப் பதிவு செய்யும் ஸ்டோரிகார்ப்ஸ் அமைப்பு 2015-லிருந்து இதே வார இறுதியில் மாணவர்களைத் தங்கள் வீட்டுப் பெரியவர்களைப் பேட்டி எடுக்கச் சொல்கிறது. அவர்கள் செயலி வழியாகச் செய்தால் பதிவு அமெரிக்கக் காங்கிரஸ் நூலகக் காப்பகத்துக்கே போகலாம். பொதுவில் போகட்டுமா, வீட்டோடு இருக்கட்டுமா என்று பெரியவரிடம் முதலில் கேளுங்கள்.

பழைய படங்களை எடுத்தால் பின்புறம் பென்சிலால் மெதுவாகப் பெயர் எழுதுங்கள். பால்பாயிண்ட் பேனா முன்பக்கம் வரை தடம் போடும்.

உடம்பைப் பற்றி மேசையில் கேட்பது

பொதுச் சுகாதாரத்துக்கான நாட்டின் தலைமை மருத்துவரான அமெரிக்க சர்ஜன் ஜெனரலின் அலுவலகம் 2004-லிருந்து தேங்க்ஸ்கிவிங்கைக் குடும்ப மருத்துவ வரலாற்று நாளாகவும் அறிவித்திருக்கிறது. நல்ல யோசனை. யாருக்குச் சர்க்கரை, யாருக்கு மாரடைப்பு, எந்த வயதில் என்பது பேரப்பிள்ளைகளின் மருத்துவருக்குத் தேவைப்படும். ஆனால் எல்லோர் முன்னாலும் கேட்காதீர்கள். மறுநாள் காபி நேரத்தில், இரண்டு பேர் மட்டும்.

ஒவ்வொருவராக எழுந்து நன்றி சொல்லச் சொல்வது

வற்புறுத்தாதீர்கள். தாளில் எழுதி ஒட்டட்டும்.

ப்ளாக் ஃப்ரைடே

மறுநாள் வெள்ளிக்கிழமை கடைகளில் நடக்கும் இந்தத் தள்ளுபடி விற்பனைக்குப் பெரியவர்களை வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள்.

ஊரில் இருக்கும் தாத்தா பாட்டியைக் கடைசியில் கூப்பிடுவது

எல்லாம் முடிந்து மாலை ஆறு மணிக்கு வீடியோ கால் போட்டால் மதுரையில் அப்போது விடிகாலை நாலரை. தூக்கக் கலக்கத்தில் எல்லோருக்கும் கையசைத்துவிட்டு வைத்துவிடுவார்கள். இங்கே காலை எட்டரை என்றால் அங்கே இரவு ஏழு, சாப்பிடுவதற்கு முன். அப்போது கூப்பிட்டு, போனை அடுப்புக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்து, தாளிப்பிலிருந்து அவர்களைச் சொல்லச் சொல்லுங்கள். வெந்தயம் எவ்வளவு என்றால் "கொஞ்சம்" என்பார்கள். உள்ளங்கையில் போட்டுக் கேமராவுக்குக் காட்டச் சொல்லி, அதே அளவை உங்கள் கையில் போட்டு அங்கேயே எடை பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.