மலையேற்றச் சாமான்களோடு விமானம் ஏறுவது எப்படி

மூட்டை கட்ட உட்காரும்போது முதலில் கேட்டுக்கொள்ள வேண்டியது இதுதான்: பெரிய பை நம்மோடு வந்து சேராவிட்டால், நாளைக் காலையில் நடக்க முடியுமா? முடிய வேண்டும் என்றால் பூட்ஸைக் காலில் மாட்டிக்கொள்ளுங்கள். கூடாரமும் ஸ்லீப்பிங் பேக்கும் போகிற இடத்தில் வாடகைக்குக் கிடைக்கலாம். உங்கள் காலுக்குப் பழகிய பூட்ஸ் எங்கே கிடைக்கும்? விமானத்துக்குள் கனமான பூட்ஸோடு உட்காருவது கொஞ்சம் அசௌகரியம்தான், பாதுகாப்புச் சோதனையில் கழற்றவும் சொல்லலாம். இருந்தாலும் நான் இதில் விட்டுக்கொடுப்பதில்லை. மழைக்கோட்டு, ஒரு கம்பளி பனியன், ஒரு ஜோடி காலுறை, மருந்து, வரைபடம் எல்லாம் கைப்பையில் இருக்கட்டும்.

அதிகமாகத் தகராறு வருவது அடுப்பு விஷயத்தில்தான். கேஸ் சிலிண்டரைக் கைப்பையிலும் கொண்டுபோக முடியாது, செக்-இன் பையிலும் போட முடியாது. சீல் பிரிக்காதது, பாதி தீர்ந்தது என்ற பேதமெல்லாம் இல்லை. காலியாகிவிட்டது என்று நீங்கள் சொன்னாலும் வாங்கமாட்டார்கள். திட எரிபொருள் வில்லைகளும் கூடாது. அதனால் இறங்கிய பிறகு எங்கே வாங்குவது என்பதைக் கிளம்புவதற்கு முன்பே விசாரித்து வைத்துவிடுங்கள். பெரும்பாலான அடுப்புகள் மறை போட்டுத் திருகும் சிலிண்டருக்கானவை. ஃபிரான்ஸ் போன்ற சில இடங்களில் மறையில்லாமல் அழுத்திச் செருகும் வகையும் கடைகளில் பரவலாக இருக்கும். அதற்கென்று ஒரு சின்ன அடாப்டர் என் சமையல் பாத்திரத்துக்குள்ளேயே கிடக்கிறது.

சிலிண்டர் இல்லாத கேஸ் அடுப்பின் தலைப்பாகம் வெறும் உலோகம்தான். அதைச் சோப்புப் போட்டுக் கழுவி, உலர்த்தி, செக்-இன் பையில் வைத்தால் பொதுவாகச் சிக்கல் வராது. பெட்ரோல் அல்லது மண்ணெண்ணெய் அடுப்பு அப்படியில்லை. அதற்கு விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். எரிபொருள் புட்டியில் உள்ளதை ஒரு மணி நேரமாவது வடித்துவிட்டு, பிறகு குறைந்தது 6 மணி நேரம் மூடியைத் திறந்தே வைத்திருக்க வேண்டும் என்கிறது சர்வதேச விதி. என்னைக் கேட்டால் புட்டியைப் புதிதாகவே வாங்கிக்கொள்வது மேல். சோதனை செய்பவர் மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்ப்பார், அப்புறம் வாதாடிப் பயனில்லை.

பவர் பேங்க் நேர் எதிர்: கைப்பையில் மட்டும்தான். வரம்பு 100 வாட்-மணி (அதில் சேமிக்கக்கூடிய மின்சாரத்தின் அளவு), அதற்கு மேல் 160 வரை விமான நிறுவனத்திடம் அனுமதி கேட்க வேண்டும். 3.7 வோல்ட்டில் 20,000 மில்லி ஆம்பியர்-மணி என்றால் 74 வாட்-மணிதான், கவலையில்லை. ஆனால் இடமில்லை என்று விமானம் ஏறும் வாசலில் வைத்துக் கைப்பையைச் சரக்கறைக்கு அனுப்பச் சொன்னால், பவர் பேங்கை மறக்காமல் எடுத்துவிடுங்கள்.

கத்தி, ஊன்றுகோல், கூடார ஆணி, ஐஸ் கோடாரி, கிராம்பான் (பனியில் வழுக்காமல் இருக்க பூட்ஸ் அடியில் மாட்டும் முள்சட்டம்) எல்லாம் செக்-இன் பைக்கு. முனைகளை ரப்பர் மூடியாலோ தடித்த அட்டையாலோ மூடிவிடுங்கள், பையைத் திறந்து பார்ப்பவரின் கை கிழியக் கூடாது. கரடி விரட்டும் ஸ்ப்ரே எந்தப் பையிலும் கூடாது. லைட்டர், தீப்பெட்டி விதி நாட்டுக்கு நாடு மாறும், போய் வாங்கிக்கொள்வதே எளிது.

முதுகுப்பையை அப்படியே கன்வேயரில் விட்டால் அதன் வார்கள் எங்காவது மாட்டி அறுபடும். இடுப்புப் பட்டையைப் பின்பக்கமாகச் சுற்றிப் பூட்டி, முழுப் பையையும் மெல்லிய டஃபிள் பைக்குள் போடுங்கள். நடக்கும்போது அந்த டஃபிள் மடித்தால் கையகலம்தான்.

இனி அழுக்கு. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போன்ற நாடுகளில் பூட்ஸ் அடியில் ஒட்டிய மண்ணும் விதையும் சட்டப் பிரச்சினை. பழைய பல் துலக்கியால் அடிப்பக்கப் பள்ளங்களைச் சுரண்டி, கூடாரத்தை உதறிக் காயவைத்து, வருகைப் படிவத்தில் மலையேற்றச் சாமான் இருக்கிறது என்று எழுதிவிடுங்கள். சொல்லிவிட்டால் பெரும்பாலும் பார்த்துவிட்டுத் திருப்பித் தருவார்கள், மறைத்தால் அபராதம்.

திரும்பும் பயணத்தில்தான் ஆட்கள் மாட்டுகிறார்கள். களைப்பில் எல்லாவற்றையும் ஒரே பையில் திணித்துவிடுவோம். மிச்ச சிலிண்டரைத் தங்குமிடத்தில் அடுத்து ஏறப்போகிறவரிடம் கொடுங்கள். தண்ணீர்ப் பையைக் காலி செய்யுங்கள். அப்புறம் இடுப்புப் பட்டையின் சின்னப் பாக்கெட்டைத் துழாவுங்கள், மடக்குக் கத்தி பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.